‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின் ‘ஹியர்’ வருமா, ‘ஹியரிங்’ வருமா?

கேள்வி:
வணக்கம். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலின் முடிவில் எங்கள் குழுவினர் சிலர் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்றும், சிலர் ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்றும் எழுதுகிறோம். ‘ஐ வான்ட் டு ஹியர்’ என்பதில் ‘டு’வை அடுத்து வினையின் மூல வடிவமே வரும்போது, இங்கு மட்டும் விதி மாறுவது ஏன்? ‘ஐ லுக்’, ‘ஐ ஆம் லுக்கிங்’ ஆகிய இரண்டில் எது கூடுதல் மரியாதையானது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
‘ஹியரிங்’ என்பதே சரி. இங்கு விதி மாறவில்லை, ‘டு’தான் வேறு. ‘வான்ட் டு ஹியர்’ என்பதில் ‘டு’ வினையோடு ஒட்டிய குறி. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதிலோ அது முன்னிடைச்சொல், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் ‘ப்ரெபொசிஷன்’. ஆகவே அதன்பின் பெயர்ச்சொல்லோ, பெயர்ச்சொல்லாக நின்று செயல்படும் ‘இங்’ வடிவமோதான் வர முடியும். தமிழிலும் ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்று தொழிற்பெயரைத்தான் இடுகிறோம்; ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்பதில்லை.

ஐயம் வந்தால், வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘யுவர் ரிப்ளை’ என்று வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது, ‘வான்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்தவில்லை. ‘அப்ஜெக்ட் டு’, ‘வித் எ வியூ டு’ ஆகியவற்றுக்கும், ‘பழகியிருத்தல்’ என்ற பொருளில் வரும் ‘பி யூஸ்டு டு’வுக்கும் இதே சோதனை உதவும்.

மறுமொழி 2:
மரியாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ சற்று விறைப்பானது; முன்பின் அறிமுகமில்லாதவருக்கும் விண்ணப்பக் கடிதத்துக்கும் ஏற்றது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ நெருக்கம் காட்டுவது. தொடர்ந்து பழகுபவருக்கு அதுவே இயல்பாக இருக்கும். எழுவாயை விட்டுவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று தொடங்குவது அன்றாட மின்னஞ்சலில் பரவலாக வழங்கினாலும், முறைசார்ந்த கடிதத்தில் முழு வாக்கியமாக எழுதுவதே நன்று. ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று நம்மிடையே அடிக்கடி காணப்படும் வடிவம் பிழையானது. அங்கு ‘ஃபார்’ வரக்கூடாது.

மறுமொழி 3:
இலக்கணம் சரியாக இருந்தாலும் இத்தொடர் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். குறித்த நாளுக்குள் பதில் தேவைப்படும்போது இதை மட்டும் எழுதினால், அவசரமில்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே’ என்று நாளைச் சொல்லிக் கேட்பதுதான் அவருக்கும் உதவி. ஒருவரது விண்ணப்பத்தை மறுத்து எழுதும் கடிதத்தின் கீழ் இத்தொடரை இடுவது அவரைப் புண்படுத்தும். வார்ப்புருவில் இது நிரந்தரமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் பார்த்து நீக்க வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ‘வி லுக் ஃபார்வர்ட் டு யூ ஜாய்னிங் அஸ்’ என்பதில் ‘யூ’ வருமா, ‘யுவர்’ வருமா?

மறுமொழி 1:
இரண்டும் வழக்கில் உண்டு. பணி நியமனக் கடிதம் போன்றவற்றில் ‘யுவர் ஜாய்னிங்’ என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். சக ஊழியருக்கு எழுதும்போது ‘யூ ஜாய்னிங்’ போதும்.