டொமைன் அத்தாரிட்டி 11-ஐ 30 ஆக்கித் தருகிறார்களாம், பணம் கட்டலாமா?

வயல்வரப்பு:
வணக்கம். நாட்டு விதை, மண்புழு உரம், பூச்சிவிரட்டி பற்றித் தமிழில் எழுதும் சின்னத் தளம் ஒன்று நடத்துகிறேன். ஒரு நிறுவனத்தார் போனில் பேசினார்கள். "உங்கள் டொமைன் அத்தாரிட்டி 11தான் சார், போட்டித் தளத்துக்கு 34. மூன்றே மாதத்தில் 30க்குக் கொண்டு போகிறோம், கூகுளில் முதல் பக்கம் நிச்சயம்" என்கிறார்கள். கேட்கிற தொகை எனக்குக் கொஞ்சம் பெரியது. இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிலந்திவலை:
கட்டாதீர்கள். அது கூகுள் கொடுக்கும் மதிப்பெண்ணே இல்லை. ஒரு தளம் தேடலில் எவ்வளவு முன்னே வரக்கூடும் என்று மோஸ் என்ற தனியார் நிறுவனம் 1 முதல் 100 வரை எண் போட்டுச் சொல்லும் கணிப்பு. கூகுள் தன் வரிசையில் இதைப் பயன்படுத்துவதில்லை என்று மோஸே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் 30 ஆக்கிக் காட்டுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் பக்கம்தான் வராது.

ரேங்க்ராஜா:
சிலந்தி சார் எந்த எண்ணைப் பார்த்தாலும் அடிக்கவருவார். நான் இதே தொழிலில் இருப்பவன், அதனால் சொல்கிறேன். கூகுள் உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்று யாருக்கும் காட்டாது. வெளியே நிற்கிறவனுக்கு அளக்க ஏதாவது வேண்டாமா? பேஜ்ரேங்கை இன்னும் பயன்படுத்துகிறோம் என்று கூகுளின் கேரி இல்யீஸ் 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். பேஜ்ரேங்க் என்றால், ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் கொடுக்கும் இணைப்புகளை வைத்து கூகுள் போடும் மதிப்பு. மோஸின் டொமைன் அத்தாரிட்டி, ஏஎச்ரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் டொமைன் ரேட்டிங் எல்லாம் அந்த இணைப்புகளை வைத்துத்தான் ஓடுகின்றன. 34 வாங்கிய தளம் 11 வாங்கிய தளத்தை முந்துவதைத் தினமும் பார்க்கிறேன்.

சிலந்திவலை:
பேஜ்ரேங்க் பேச்சை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. 2000 டிசம்பரில் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பார் வந்தது. அதில் பக்கத்தின் பேஜ்ரேங்கைக் காட்டும் ஒரு பச்சைப் பட்டை, 0 முதல் 10 வரை. ஊரே அதைப் பார்த்துத்தான் இணைப்பு விலை பேசியது. "பிஆர் (பேஜ்ரேங்க்) 6 தளத்தில் இணைப்பு வேண்டுமா, இவ்வளவு ஆகும்" என்று வெளிப்படையாகவே வியாபாரம். அந்த 6 என்பது உள்ளே இருந்த உண்மையான மதிப்பு அல்ல. பள்ளியில் படித்தோமே மடக்கை, கிட்டத்தட்ட அந்த மாதிரி அளவுகோலில் சுருக்கி முழு எண்ணாக்கிக் காட்டியது என்றுதான் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். சரியான அளவுகோலை கூகுள் கடைசி வரை வெளியிடவில்லை. 3-இலிருந்து 4க்குப் போவதும் 6-இலிருந்து 7க்குப் போவதும் ஒரே தூரம் இல்லை. போதாக்குறைக்கு, பட்டையில் எண் மாறுவதே எப்போதாவது ஒரு முறைதான்.

இதில் ஒரு வழக்கும் நடந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம் 2002-இல் பேஜ்ரேங்கைப் பார்த்து விளம்பர இணைப்பு விற்கும் சேவையைத் தொடங்கியது. அப்புறம் அதன் எண் 8-இலிருந்து 4க்கு இறங்கியது. கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2003-இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பேஜ்ரேங்க் என்பது ஒரு கருத்து, பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. கூகுள் தானே கொடுத்த எண்ணுக்கே அந்த நிலை. மோஸ் கொடுக்கும் எண்ணை என்னவென்று சொல்வது?

மவுஸ்மாமா:
அந்தப் பச்சைப் பட்டையைப் பார்த்துப் பார்த்தே இளமை போயிற்று எனக்கு. 2009-இல் விளம்பரப் பதிவு எழுதவைத்ததற்காக கூகுள் தன் சொந்த ஜப்பான் தளத்தின் பேஜ்ரேங்கையே 9-இலிருந்து 5க்கு இறக்கியது. சரி, தொடருங்கள்.

ரேங்க்ராஜா:
கதை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டை 2013 டிசம்பரோடு புதுப்பிக்கப்படவில்லை, 2016-இல் எடுத்தே விட்டார்கள், எனக்கும் தெரியும். பட்டையை எடுத்தார்களே தவிர கணக்கை எடுக்கவில்லை. அதைத்தானே சொல்கிறேன்?

இன்னொன்று. தளம் முழுவதற்கும் சேர்த்து அத்தாரிட்டி என்று எங்களிடம் எதுவும் கிடையாது என்று கூகுள் ஆட்கள் வருடக்கணக்கில் சொல்லிவந்தார்கள். 2024 மே மாதம் அவர்களுடைய உள் ஆவணங்கள் கசிந்தன. அதில் 'சைட் அத்தாரிட்டி' என்றே ஒரு தரவுப் புலம் இருக்கிறது. ஆவணங்கள் உண்மையானவைதான் என்று கூகுளும் ஒப்புக்கொண்டது. இத்தனை நாள் எங்களைக் கிண்டல் செய்தவர்கள் அதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?

கணக்குவாத்தியார்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். புலத்தின் பெயர் இருக்கிறது, சரி. வரிசைப்படுத்தும்போது அதை எங்கே, எவ்வளவு எடையோடு சேர்க்கிறார்கள் என்பது அந்த ஆவணத்தில் இல்லையே ராஜா. வீட்டில் தராசு இருக்கிறது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லும் எடை சரியாகிவிடாது.

வயல்வரப்பு ஐயாவுக்குச் சின்னக் கணக்கு ஒன்று. 1998-இல் கூகுளைத் தொடங்கிய பேஜும் பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய கட்டுரையில் உள்ள முறை இது. ஒரு பக்கம் தன் மதிப்பை, தான் இணைப்புக் கொடுக்கும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கு போடும். அதில் 0.85 பாகம் போய்ச் சேரும். ஒரு பெரிய பக்கத்தின் மதிப்பு 4 என்று வையுங்கள், அதில் 100 இணைப்புகள். உங்களுக்கு வருவது 0.85 × 4 ÷ 100, அதாவது 0.034. இன்னொரு சின்னப் பக்கம், மதிப்பு 1தான், ஆனால் இரண்டே இணைப்புகள். அதிலிருந்து வருவது 0.425. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். "பெரிய தளத்தில் இணைப்பு வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தில் மொத்தம் எத்தனை இணைப்பு தொங்குகிறது என்று முதலில் கேளுங்கள். இப்போதைய கூகுள் இதைவிடச் சிக்கலானது, எல்லா இணைப்பையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆனாலும் திசை புரியும்.

சிலந்திவலை:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மோஸ் 2019 மார்ச்சில் கணக்கிடும் முறையை மாற்றியது. தளத்தில் ஒரு வரிகூட மாற்றாதவர்களுக்கும் எண் ஏறி இறங்கியது. கூகுளில் அவர்கள் இடம் அதனால் அசையவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

ரேங்க்ராஜா:
அளவுகோலைத் திருத்தினால் எல்லாருக்கும் சேர்த்துத்தானே மாறும்? அதனால்தான் ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே துறைத் தளங்களை ஒப்பிடு என்கிறோம். இவர் தளத்தையும் சமையல் தளத்தையும் ஒப்பிடச் சொல்லவில்லை. போட்டித் தளம் 34 என்றால், இவருக்குக் கிடைக்காத இணைப்புகள் அவருக்கு எங்கிருந்தோ கிடைக்கின்றன. எங்கிருந்து என்று தேட அந்த எண் ஒரு நூல்முனை. தமிழ்த் தளங்களுக்கு இணைப்புக் கொடுக்கிற ஆட்களே குறைவு என்பதால் இங்கே ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிகம்.

வயல்வரப்பு:
அந்த எண்ணை விட்டுவிட்டால் நான் எதைத்தான் பார்ப்பது? தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் சராசரி இடம் முன்பு 3 என்று இருந்தது. இப்போது 36 காட்டுகிறது. அதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள்.

கணக்குவாத்தியார்:
கிளிக் குறைந்ததா?

வயல்வரப்பு:
இல்லை. கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது.

கணக்குவாத்தியார்:
அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. முன்பு உங்கள் பக்கம் பத்து முறை தேடலில் தெரிந்தது, எல்லாம் 3-ஆம் இடத்தில். சராசரி 3. இப்போது அந்தப் பத்து அப்படியே இருக்க, புதிய தேடல்களில் 90 முறை 40-ஆம் இடத்தில் தெரிகிறது என்று வையுங்கள். 30-உம் 3600-உம் சேர்த்து 3630. நூறால் வகுத்தால் 36.3. பழைய இடம் எங்கும் போகவில்லை, புதிதாக நிறையத் தேடலில் எட்டிப்பார்க்கிறீர்கள். மொத்தச் சராசரியைப் பார்க்காதீர்கள். 'மண்புழு உரம் தயாரிப்பது எப்படி' என்பது போல ஒவ்வொரு தேடலாகத் திறந்து பாருங்கள். பதினாறு மாதத்து விவரம் அதில் கிடைக்கும்.

சிலந்திவலை:
இலவசமாகக் கூகுளே கொடுக்கிறது, ராஜா. இதை விட்டுவிட்டு அடுத்தவர் கணிப்புக்கு எதற்குக் காசு?

ரேங்க்ராஜா:
சர்ச் கன்சோலில் உங்கள் தளம் மட்டும்தான் தெரியும். போட்டியாளர் தளம் தெரியுமா? அதற்குத்தான் கருவிகள். வயல்வரப்பு சார், ஒன்று செய்யுங்கள். எந்தெந்தத் தளங்களில் இணைப்பு வைக்கப்போகிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள். வேளாண் தளங்கள், உழவர் குழுக்கள், செய்தித்தளங்கள் என்று வந்தால் பேசலாம்.

சிலந்திவலை:
வந்தாலும், காசு கொடுத்து வாங்கும் இணைப்பில் நோஃபாலோ (இதைக் கணக்கில் எடுக்காதே) அல்லது ஸ்பான்சர்டு (காசுக்கு வந்தது) என்ற குறி போட வேண்டும் என்பது கூகுள் விதி. போட்டால் அது வரிசைக்கு உதவப்போவதில்லை. போடாமல் மாட்டினால் தளத்துக்கே அடி. 2012-இல் இப்படிப்பட்ட செயற்கை இணைப்புகளைப் பிடிக்க கூகுள் கொண்டுவந்த பெங்குயின் மாற்றம் வந்தபோது எத்தனை தளங்கள் காணாமல் போயின என்று தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வயல்வரப்பு:
பட்டியல் கேட்டேன். "கம்பெனி ரகசியம் சார், முன்பணம் கட்டிய பிறகு காட்டுவோம்" என்கிறார்கள்.

ரேங்க்ராஜா:
அப்படிச் சொன்னால் விட்டுவிடுங்கள் சார், நானே சொல்கிறேன். அதற்காக மதிப்பெண் என்பதே வீண் என்று சிலந்தி சார் இங்கே வெடி வெடிக்க வேண்டாம். போட்டித் தளத்தின் முகவரியை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், இணைப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.

சிலந்திவலை:
பார்த்த பிறகு இங்கேயும் போடுங்கள். அந்த 34-இல் எத்தனை உண்மையான தளங்கள் என்று நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.