சீரங்கப்பட்டணத்துக்கு ஒரு மணி நேரம் போதும்ங்கறாங்க, நிஜமாவா?

மூட்டைமுடிச்சு:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் லீவுல மைசூர்ல மூணு நாள் தங்குறோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற பையன், கூட எங்க மாமனார். மாமாவுக்கு முட்டி வலி, சமதரைன்னா மெதுவா நடந்துருவார், படி ஏறி இறங்குனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. பையன் திப்பு சுல்தான் பாடம் படிச்சதுலேர்ந்து ராக்கெட் ராக்கெட்னு ஒரே நச்சரிப்பு. கார் பேசுன இடத்துல கேட்டா "சீரங்கப்பட்டணம் போற வழிதான் மேடம், கோயில், சமாதி, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்"ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஒரு ராஜ்யத்தோட தலைநகரமா இருந்த ஊரு ஒரு மணி நேரத்துல எப்படிங்க முடியும்? போனவங்க யாராவது சொல்லுங்க, எதை முதல்ல பாக்கணும், எதை விட்டாலும் பரவால்ல, மாமாவை எங்க உக்கார வைக்கலாம்.

பழையகல்லு:
முதல்ல அந்த ஒரு மணி நேரத்தை மறந்துருங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், கோயில்ல ஒரு கும்பிடு, சமாதி வாசல்ல ஒரு போட்டோ, வந்துட்டேன். என்ன பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல. ரெண்டாவது தடவை தனியா போயி நாள் முழுக்க சுத்தினப்பதான் ஒண்ணு புரிஞ்சுது, அந்த ஊரைப் பாக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசைல பாத்தா எல்லாம் ஒரே கதையா கோத்துக்கும், மாத்திப் பாத்தா வெறும் கல்லு.

காலைல திறந்ததும் கோட்டைக்குள்ள போகாதீங்க, வெளிய கிழக்குப் பக்கம் இருக்கற தரியா தௌலத் பாக் போங்க. 1784ல திப்பு கட்டின கோடை மாளிகை, பெரும்பாலும் தேக்கு மரம். மேற்குச் சுவர் முழுக்க ஒரு போர் ஓவியம் இருக்கும். அது 1780 பொள்ளிலூர் சண்டை. பொள்ளிலூர் எங்க இருக்குன்னு பையன்கிட்ட கேளுங்க, முழிப்பான். நம்ம காஞ்சிபுரம் பக்கத்துலங்க! திப்புவும் அவர் அப்பா ஹைதர் அலியும் சேர்ந்து வெள்ளைக்காரனோட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அங்க நொறுக்குனாங்க. சிவப்புச் சட்டைக்காரங்க சதுரமா கட்டி நிக்கறாங்க, நடுவுல வெடிமருந்து வண்டி வெடிக்குது, அவங்க தளபதி கர்னல் பெய்லி பல்லக்குல உக்காந்து விரலைக் கடிச்சிட்டு இருக்காரு. அந்த விரல் கடிக்கற இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க, பையன் அரை மணி நேரம் அசைய மாட்டான். உள்ள படம் எடுக்க விடமாட்டாங்க, அதுவும் நல்லதுக்குத்தான்.

அடுத்து கோட்டைக்குள்ள, வடக்கு மதிலை ஒட்டி காவிரி ஆத்தைப் பாத்தாப்ல இருக்கற பெய்லி டஞ்சன், அதாவது பாதாளச் சிறை. இப்ப பாத்தீங்களா, சுவத்துல பல்லக்குல இருந்தவர் இங்க கைதி, 1782ல இந்த ஊர்லயே செத்தும் போயிட்டாரு. சங்கிலி மாட்ட ஓட்டை போட்ட கல்லுங்க சுவத்துல அப்படியே நீட்டிட்டு இருக்கும்.

அப்புறம்தான் கதையோட மிச்சம். அதே பொள்ளிலூர்ல பிடிபட்டவங்கள்ல டேவிட் பேர்ட்னு ஒரு இளம் கேப்டன், இதே கோட்டைக்குள்ள 44 மாசம் சிறைல கிடந்தவர். 1799 மே 4ந்தேதி மத்தியானம் ஒரு மணி வாக்குல, ஆத்தைக் கடந்து உடைஞ்ச மதில் வழியா கம்பெனிப் படையைக் கூட்டிட்டு உள்ள நுழைஞ்சது அவர்தான், நான் போறேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. வடமேற்கு மூலைல அந்த உடைப்பு இருந்த இடத்துல ஒரு தூண் நட்டு வச்சிருக்காங்க. அங்கேர்ந்து வடக்கு மதிலை ஒட்டியே வந்தா அன்னிக்குச் சண்டைல செத்த திப்புவோட உடல் கிடைச்ச இடம், சின்னதா ஒரு கல்லு. அவ்ளோ பெரிய ஆளுக்கு அவ்ளோ சின்னக் கல்லான்னு இருக்கும்.

கடைசியா சாயங்காலம் கும்பஸ், அதான் அந்த சமாதி. ஹைதர் அலி, அவர் மனைவி, திப்பு மூணு பேரும் அங்க. உள்ளுக்குள்ள சுவரெல்லாம் புலி வரி. இந்த வரிசைல போங்க.

ரெண்டாவதுகியர்:
ஒரு விஷயம், பெங்களூர்லேர்ந்து வர்றீங்கன்னா புது எக்ஸ்பிரஸ்வே ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல தாண்டிரும். முன்னாடியே சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கச் சொல்லுங்க, இல்லன்னா நேரா மைசூர்தான், எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. பைக், ஆட்டோவுக்கு 2023 ஆகஸ்ட்லேர்ந்து மெயின் ரோட்ல அனுமதியே இல்ல, சர்வீஸ் ரோடுதான். மைசூர்லேர்ந்துன்னா கவலையே இல்ல, 15 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸு வந்துட்டே இருக்கும்.

காவிரித்தண்ணி:
பழையகல்லு சொல்றது கேக்க நல்லாருக்கு ஆனா கூட ஒரு பெரியவர் வர்றாருன்னு எழுதிருக்காங்களே, அவரை வெயில்ல மதில் ஓரமா நடக்க வைக்கப் போறீங்களா? டஞ்சனுக்குப் படி இறங்கணும், கும்பஸும் உயரமான மேடை மேலதான் இருக்கு, அங்கயும் படி, செருப்பு வேற கழட்டணும். என் யோசனை, மாமாவுக்கு கோயிலும் தோட்டமும், பையனுக்கு கோட்டை. ரெண்டா பிரிஞ்சுக்கங்க. தரியா தௌலத் தோட்டம் சமதரை, மரமும் நிழலும் இருக்கு. ரங்கநாதர் கோயில் மத்தியானம் நடை சாத்திருவாங்க, பன்னெண்டுக்குள்ள போயிருங்க. ஆதி ரங்கம் இது, நடுவுல சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், கடைசி நம்ம சீரங்கம், மூணுமே காவிரித் தீவு. சீரங்கம் போன மனுஷன்னா மாமாவுக்கு இந்த ஒண்ணே போதும்.

இன்னொண்ணு, அந்த ஓவியம் ஒரிஜினல்னு நினைச்சிட்டுப் போகாதீங்க, வெள்ளையடிச்சு அழிச்சதுக்கு மேல திரும்ப வரைஞ்சது.

பழையகல்லு:
@காவிரித்தண்ணி படி விஷயம் நீங்க சொல்றது சரி, நான் யோசிக்கல, மன்னிச்சுக்கங்க. ஓவியம் திரும்ப வரைஞ்சதுதான், ஆனா யார் வரைய வச்சான்னு பாருங்க. கோட்டை விழுந்ததும் அந்த மாளிகைல குடியேறுன வெள்ளைக்காரத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, அப்புறம் 1855 வாக்குல கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. தாங்க தோத்த சண்டையோட படத்தைத் தாங்களே காசு செலவழிச்சுப் புதுப்பிச்சிருக்காங்க. எனக்கு அது ஒரிஜினலை விட சுவாரசியம்.

மூட்டைமுடிச்சு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், பையன் பக்கத்துல உக்காந்து படிச்சிட்டு இருக்கான், இப்பவே கிளம்பணுமாம். அவன் கேக்கறான், சுத்தி ஆறு இருக்கறப்ப வெள்ளைக்காரன் எப்படி ஆத்தைக் கடந்தான், முதலை இல்லையான்னு. இன்னொண்ணு ராக்கெட் எங்க இருக்கு?

காவிரித்தண்ணி:
நல்ல கேள்வி தம்பி. தீவைச் சுத்தி ஆறு ரெண்டாப் பிரிஞ்சு ஓடுது, கிழக்கு முனைல சங்கமத்துல திரும்பச் சேருது. ஆத்துல தண்ணி இருக்கற வரைக்கும்தான் அது கோட்டைக்கு அரண். மே மாசம் கோடை, பாறையும் முட்டளவு தண்ணியும்தான். அதனாலதான் கம்பெனிக்காரங்களுக்கு அவ்ளோ அவசரம், ஜூன்ல மழை பிடிச்சு வெள்ளம் வந்திருந்தா கடந்திருக்கவே முடியாது, முற்றுகையை விட்டுட்டு ஓடிருக்கணும். 1799ல மழை ஒரு மாசம் முந்தி வந்திருந்தா நாம படிக்கற பாடமே வேற. உடைப்பு தூண்கிட்ட நின்னு ஆத்தைப் பாரு, நானே சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும்.

முதலை இருக்கு! மூணு நாலு கிலோமீட்டர்ல ரங்கனதிட்டு, பறவைகள் சரணாலயம், பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி சொல்லி 1940ல அறிவிச்சது. படகுல போனா பாறை மேல வாயைத் திறந்துட்டு படுத்திருக்கும். மாமாவுக்கும் உக்காந்த இடத்துலயே வேலை முடிஞ்சுது, படகுல ஏத்தி இறக்கறப்ப மட்டும் கை பிடிச்சுக்கங்க. கே.ஆர்.எஸ் அணைலேர்ந்து தண்ணி அதிகமா திறந்தா படகை நிறுத்திருவாங்க, அன்னிக்குக் காலைல கேட்டுக்கங்க.

பழையகல்லு:
ராக்கெட் பத்தி: பொள்ளிலூர்ல அந்த வெடிமருந்து வண்டி வெடிச்சது ராக்கெட்டாலன்னும் சொல்றாங்க, பீரங்கியாலன்னும் சொல்றாங்க. ஆனா இரும்புக் குழாய்ல செஞ்ச மைசூர் ராக்கெட்டுங்க 1799க்கு அப்புறம் இங்கிலாந்துக்குப் போயி, அதைப் பாத்துட்டுத்தான் காங்கிரீவ்ங்கற இங்கிலாந்துக்காரர் தன்னோட ராக்கெட்டைச் செஞ்சாரு. வெள்ளைக்காரனை புலி கடிக்கற மாதிரி இருக்கற திப்புவோட அந்தப் பொம்மையும் லண்டன்லதான். ஊர்ல மிஞ்சினது ஆயுதக் கிடங்கு, அதுவும் இருந்த இடத்துல இல்ல. ரயில்வே இரட்டைப் பாதை போடறதுக்குக் குறுக்க இருந்துச்சுன்னு 2017ல முழுக் கட்டடத்தையும் அடியோட அறுத்துத் தூக்கி, நூறு மீட்டருக்கு மேல நகத்தி வச்சாங்க. செங்கல் கூட உதிரல. ஸ்டேஷன் பக்கத்துலதான், பையனுக்குக் காட்டுங்க, எனக்கென்னவோ ராக்கெட்டை விட இதுதான் பெரிய வித்தை.

ரெண்டாவதுகியர்:
தரியா தௌலத்துக்கு பெரியவங்களுக்கு மட்டும்தான் டிக்கெட், 15 வயசுக்குக் கீழ கிடையாது. அங்க நின்னு வரலாறு சொல்றேன்னு ஒட்டிக்கறவங்ககிட்ட காசை முதல்லயே பேசிருங்க, எங்ககிட்ட வந்தவர் மதிலுக்கு அடியிலேர்ந்து மைசூர் அரண்மனைக்கு சுரங்கம் போகுதுன்னு அடிச்சு விட்டாரு. உங்க பையன்தான் கைடு, வேற யாரும் வேணாம்.

மூட்டைமுடிச்சு:
முடிவு பண்ணியாச்சு. ரெண்டாவது நாள் முழுக்க சீரங்கப்பட்டணம். காலைல ஓவியம், அப்புறம் மாமாவும் நானும் கோயில், பையனும் அவங்கப்பாவும் டஞ்சன், மதில், தூண், மாடி விட்டு மாடி தாண்ட மாட்டேங்கற என் வீட்டுக்காரர் நல்லா நடக்கட்டும். படகு மூணாவது நாள் காலைல. கார்க்காரர்கிட்ட சொன்னேன், "அங்க அப்படி என்ன மேடம் இருக்கு"ன்னு கேட்டாரு, இந்தத் திரியை அனுப்பிருக்கேன்.