மண்டை ஓட்டுப் படம்: எங்கே பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து, பனியன் அச்சிடுபவர்:

பனியன்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கும் நடைபாதை வியாபாரிகளுக்கும் நான் அச்சிட்டுக் கொடுத்தவற்றுள் மிக அதிகமாக விற்றது மண்டை ஓட்டுப் படந்தான். நடிகர் படம் ஒரு தீபாவளியோடு ஓய்ந்துவிடும். மண்டை ஓடு ஆண்டு முழுவதும் போகும்.

கறுப்புத் துணியில் வெள்ளை மையை ஒருமுறை இழுத்தால், அடியிலுள்ள கறுப்பு தெரிந்து படம் சாம்பல் பூத்தது போலாகிவிடும். ஆகவே முதல் பூச்சைச் சூடுகாட்டி உலரவைத்து, வலை கட்டிய அச்சுச் சட்டத்தை மயிரிழையும் பிசகாமல் அதே இடத்தில் வைத்து இரண்டாம் முறை இழுக்க வேண்டும். கண்குழிகளுக்கும் மூக்குத் துளைக்கும் மை தேவையில்லை. மை விழாத இடத்தில் துணியே கண்குழியாகிவிடுகிறது. அந்தப் பனியனை ஒரு பையன் மாட்டிப் பார்க்கும்போதெல்லாம், அந்த வெற்றுக் குழிகளுக்குப் பின்னால் அவனுடைய மார்பு ஏறி இறங்குவதை நான் கவனிக்காமல் இருந்ததில்லை.

ஏன் இது பிடிக்கிறது என்று கேட்டால், ‘கெத்தாக இருக்கிறது’ என்பதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. எனக்கே சிறுவயதில் அப்படித்தான் இருந்தது. ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்த முகமூடி வீரனின் மோதிரத்தில் மண்டை ஓடு இருக்கும். அவன் குத்தினால் எதிரியின் தாடையில் அந்த முத்திரை பதிந்துவிடும். அந்த மோதிரத்துக்காக ஏங்கித் தகரத்தை வெட்டிச் செய்துகொண்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்த வீரனை லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1936-இல் உருவாக்கினார் என்பதெல்லாம் தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டவை. இன்று பெரிய கடைகளில் தொங்கும் மண்டை ஓட்டுத் துப்பட்டாக்கள் பலவற்றுக்கும் மூலம், லண்டனைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன் 2003-இல் கொண்டுவந்த கழுத்துத் துண்டுதான்.

கண்குழிகளைச் சுற்றி இதழ்கள் விரிந்த ஒரு வகையும் உண்டு. கடைக்காரர்கள் அதைப் ‘பூ மண்டை’ என்பார்கள். அது மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தோரை வரவேற்கும் திருவிழாவுக்குச் சர்க்கரையில் மண்டை ஓடுகள் செய்து, நெற்றியில் பெயர் எழுதி வைப்பார்களாம். அதே நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறையில் எங்கள் தெருக் குடும்பங்கள் கல்லைக் கழுவி, சாமந்தி சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பூ மண்டை எனக்கு அந்நியமாகத் தெரியாமல் போனதற்கு அதுவே காரணம்.

இப்போது ஒரு கல்லூரி விழாவுக்கு அறுபது பனியன்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். மின்மாற்றியில் தொங்கும் பலகையை அப்படியே, சிவப்பு எழுத்தில் ‘அபாயம் 11000 வோல்ட்’ என்ற சொற்களோடும் குறுக்கெலும்புகளோடும் மார்பில் அச்சிட வேண்டுமாம். சட்டம் தயாராகிவிட்டது. ஆனால் கை ஓடவில்லை. இந்தப் படம் உங்கள் வாழ்க்கையில் குறுக்கிட்ட அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து, தையல் வேலை செய்பவர்:

தம்பி, மண்டை ஓட்டை நான் முதன்முதலில் கையில் ஏந்தியபோது எனக்கு எட்டு வயது. மாசி அமாவாசையில் மயானக் கொள்ளைக்கு என் தாய்மாமன் அங்காளம்மன் வேடம் கட்டுவார். அவர் ஏந்தும் கபாலத்தைக் காகிதக் கூழில் நாங்களே வீட்டில் செய்வோம். வெளிப்புறம் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் உள்ளே பழைய தினசரியின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மாமன் முகத்துக்கு அரிதாரம் பூசி முடிக்கும்வரை அதைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்திருப்பது என் பொறுப்பு.

பிரமனின் ஐந்தாம் தலையைச் சிவன் கிள்ளி எடுக்க, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, அவருக்கு இடப்பட்ட பிச்சையையெல்லாம் தானே விழுங்கிவிட்டது. மேல்மலையனூரில் அம்மன் சுடுகாடு முழுவதும் சோற்றை இறைத்ததும், பசி தாங்காத கபாலம் கையைவிட்டு இறங்கிவர, அதை அவள் மிதித்து அடக்கினாள். இது பாட்டி சொல்லக் கேட்ட கதை. இந்தக் கதையை அறிந்தவர்களுக்கு மண்டை ஓடு என்றால் சாவு மட்டுமன்று, பசியும்தான். சுடுகாட்டில் மண்ணால் செய்த அம்மன் உருவத்தின்மேல் கொழுக்கட்டையும் சுண்டலும் காய்கறியும் குவித்து ஏன் சூறைவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். வேடம் கட்டியவர் வருகையில் கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொடுக்கும் தாய்மார்கள் அந்தக் கபாலத்துக்கு அஞ்சி நான் கண்டதில்லை.

மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கும் கபாலீசுவரரின் பெயரிலேயே கபாலம் இருக்கிறது. தலைமாலை அணிந்து, தலை ஓட்டில் பிச்சை ஏற்கும் தலைவனை வணங்கு என்று அப்பர் தம் தலையைப் பார்த்தே பாடியிருக்கிறார். அந்தப் பக்தியில்தான் சென்னைத் தாத்தாக்கள் பலர் கபாலி என்று பெயர் பெற்றார்கள். பிற்காலத் திரைப்படங்கள் அதை அடியாளின் பெயராக்கிவிட்டன. பனியனிலும் அதே கதைதான் நடக்கிறது. நகரின் வேறு பகுதியில் ஒரு பிள்ளை மண்டை ஓடு அணிந்தால் அது ரசனை. எங்கள் பக்கத்துப் பிள்ளை அணிந்தால் ‘எந்த ஏரியா?’ என்று நிறுத்திக் கேட்கிறார்கள். என் மகனை அப்படி இரண்டு முறை நிறுத்திவிட்டார்கள். படம் ஒன்றாக இருந்தும், அணிபவனின் முகவரியைக் கொண்டு அதற்குப் பொருள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற மின் பணியாளர்:

நண்பர் அச்சிடத் தயங்கும் அந்தப் பலகையை நான் என் கையால் நூற்றுக்கணக்கில் கட்டியிருக்கிறேன். வெள்ளைத் தகட்டில் சிவப்பு மண்டை ஓடு, குறுக்கெலும்புகள், ‘அபாயம்’ என்ற சொல், மின்னழுத்த எண். இது யாரோ அழகுக்காகத் தேர்ந்த படமன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35ஆம் விதி, எச்சரிக்கைப் பலகை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுவதோடு, அந்த மாவட்டத்தின் மொழியிலும் எழுதப்பட்டு, மண்டை ஓடும் எலும்பும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. இரண்டு மொழிகளில் எழுதிய பிறகும் படம் ஏன் என்றால், எழுத்தறியாதவரும் எழுத்துக் கற்காத குழந்தையும் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டி உடலில் பாய்ந்துவிடும். தொட்டுப் பார்த்துக் கற்க முடியாத பாடம் என்பதால்தான் அந்தப் படத்தை நம்பியிருந்தோம்.

பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு மாலை, தனியார் கிடங்கு ஒன்றின் மின்மாற்றிக் கூண்டில் காத்தாடி சிக்கியிருந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வேலியின் மேல் ஒரு காலைப் போட்டுவிட்டான். நான் கத்திய கத்தலில் இறங்கிவிட்டான்; நல்ல வேளை. பலகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். ‘பார்த்தேன் தாத்தா, என் தொப்பியில்கூட அந்தப் படம் இருக்கிறது’ என்று கழற்றிக் காட்டினான். ஒளிவுமறைவில்லாத பதில். அவன் பொய் சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா சொன்ன மயானக் கபாலத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரு நாளும் இடமும் கதையும் இருக்கின்றன. பலகையில் இருப்பதற்குக் கதை கிடையாது. ‘நில்’ என்ற ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லை விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணூரிலிருந்து, சரக்குப் பெட்டக முனையத்தில் பணிபுரிபவர்:

எங்கள் பக்கத்துச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சில பெட்டகங்களில் முனையில் நிற்கும் சதுரமாக ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும். நடுவில் கறுப்பு மண்டை ஓடும் எலும்பும் இருக்கும். அடிமுனையில் 6 என்றிருந்தால் நச்சுப்பொருள், 2 என்றிருந்தால் நச்சு வாயு. கப்பலில் எந்த நாட்டுக்குப் போனாலும் இதே குறிதான். பூச்சிமருந்து டப்பாவிலோ, நம் நாட்டு விதிப்படி சிவப்பு முக்கோணம் போட்ட மிகக் கொடிய வகைக்கு மட்டுமே மண்டை ஓடு உண்டு.

பெரியவர் கண்ட சிறுவனைப் போன்ற பிள்ளைகள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1971-இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் நச்சுத் தடுப்பு மையம், நச்சுப் புட்டிகளில் மண்டை ஓட்டுக்குப் பதிலாக, முகம் சுளித்து நாக்கை நீட்டும் பச்சை நிற முகத்தை ஒட்டத் தொடங்கியது. மண்டை ஓட்டைக் கண்டால் குழந்தைகளுக்குக் கடற்கொள்ளையரும் சாகசமுமே நினைவுக்கு வந்தன என்பது காரணம். அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரே கடற்கொள்ளையர் என்பதுதான்.

2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்களை எழுப்பியது எந்தப் படமும் அன்று, மூக்கில் ஏறிய நெடிதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணெரிச்சலோடு சாலைக்கு ஓடிவந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வெள்ளை வில்லையைக் கடந்து போகும்போது நான் அடிமுனை எண்ணைப் பார்க்காமல் போவதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து, பனியன் அச்சிடுபவர்:

மூவருக்கும் நன்றி. அம்மா, அடுத்த மாசியில் கபாலம் செய்யும்போது சொல்லி அனுப்புங்கள். வெள்ளை பூச நான் வருகிறேன். கல்லூரி மாணவர்களை நேற்று பட்டறைக்கு அழைத்துப் பெரியவர் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். ஒருவர் மட்டும், ‘இவ்வளவு யோசித்தால் எதையுமே போட முடியாது அண்ணா’ என்றார். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் பூ மண்டையை, நெற்றியில் தங்கள் துறையின் பெயரோடு அச்சிட ஒப்புக்கொண்டார்கள். பலகைப் படம் இருந்த சட்டத்தை இன்று காலை கழுவிவிட்டேன். குறுக்கெலும்புகள் முதலில் கரைந்தன. ‘அபாயம்’ என்ற எழுத்துகள் வலையில் ஒட்டிக்கொண்டு போக மறுத்ததால் அவற்றை இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது.