உயரப் பந்து மட்டும் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

செந்தூல்_லாங்ஆன்:
வணக்கம். சின்ன வயதிலிருந்து செந்தூலில் தாமான் (குடியிருப்பு) திடலில் டென்னிஸ் பந்தில்தான் ஆடி வந்தேன். இந்த வருடம் கோலாலம்பூரில் வார இறுதி லெதர் பந்து ஆட்டங்களில் சேர்ந்திருக்கிறேன். கிட்டத்தில் வேகமாக வரும் கேட்ச் எல்லாம் சரியாக நிற்கிறது. லாங் ஆனில், அதாவது பந்துவீச்சாளருக்குப் பின்னால் எல்லைக் கோட்டுப் பக்கம், நிற்கும்போது வானத்துக்கு ஏறும் பந்தைத்தான் கோட்டை விடுகிறேன். ஒன்று, தலைக்கு மேலே போய்விடும். இல்லையென்றால் உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுப் பக்கமாகப் பட்டுத் தெறித்துவிடும். சுண்டுவிரல் வேறு வீங்கியிருக்கிறது. கைப் பயிற்சி போதவில்லையா? விரலில் டேப் சுற்றிக்கொண்டு இறங்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ்_கவர்:
முதலில் இதைச் சொல்லுங்கள். மட்டையில் பந்து பட்டதும் என்ன செய்கிறீர்கள்? கையை எப்போது ஏந்துகிறீர்கள்?

செந்தூல்_லாங்ஆன்:
பட்டதும் முன்னால் ஓடிவிடுகிறேன் அண்ணே. அப்புறம் தாண்டுகிறது என்று தெரிந்ததும், பந்தைப் பார்த்தபடியே பின்னால் எட்டு வைக்கிறேன். கை ஆரம்பத்திலிருந்தே நெஞ்சுக்கு முன்னால் ஏந்தியபடி இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_கவர்:
அப்படியென்றால் கோளாறு கையில் இல்லை தம்பி, கணிப்பில் இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நினைத்த இடத்தைத் தாண்டிப் பந்து விழுகிறது. ரொம்பத் தாண்டினால் தலைக்கு மேல் போகிறது. கொஞ்சம் தாண்டினால், விரலில் விழ வேண்டியது மணிக்கட்டுப் பக்கம் விழுகிறது.

டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. லேசான பந்தின் வேகத்தைக் காற்று சீக்கிரம் தின்றுவிடும், உச்சிக்குப் போனதும் தொய்ந்து இறங்கும். லெதர் பந்து அவ்வளவு தொய்வதில்லை. தள்ளிப் போய், வேகமாகவே இறங்கும். இத்தனை வருடமும் உங்கள் கண் பழகியது லேசான பந்துக்கு. அதனால்தான் கால் தானாக முன்னால் போகிறது.

இனி மட்டையில் பட்டதும் ஓடாதீர்கள். அரை நொடி நின்று பாருங்கள். உங்கள் பார்வையில் பந்து மேலே ஏறும் வேகம் கூடிக்கொண்டே போனால், அது தாண்டப் போகிறது. ஏற்றம் மந்தமானால் முன்னால் விழும். ஒரே சீராக ஏறினால் உங்களிடம்தான் வருகிறது. பின்னால் போக வேண்டுமென்றால் எட்டு வைத்துப் பின்வாங்கவே கூடாது. குதிகாலில் ஓடும்போது பார்வை குலுங்கும், தடுக்கினால் பின்மண்டை தரையில் மோதும். உடம்பைத் திருப்பி, தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள். ஓர் எட்டு கூடுதலாகவே போய் நில்லுங்கள், முன்னால் வருவது சுலபம். கையை ஓடும்போது ஏந்த வேண்டாம், ஓட்டம் குறையும். நின்ற பிறகு தூக்கினால் போதும்.

பினாங்கு_கீப்பர்:
அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. கையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நெஞ்சுக்கு முன்னால் சுண்டுவிரல்களைச் சேர்த்து ஏந்திப் பிடிப்பது ஒரு முறை. முகத்துக்கு முன்னால், விரல்கள் வானத்தைப் பார்க்க, கட்டைவிரல்கள் ஒன்றின்மேல் ஒன்று படியப் பிடிப்பது இன்னொரு முறை. லாங் ஆனில் நிற்பவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். பந்து கைக்குள் போகும்வரை கண்ணுக்கு நேராகவே இருக்கும், தாண்டுகிற பந்துக்கும் கை எட்டும். எந்த முறையானாலும் முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள். பந்து பட்டதும் கை அதோடு சேர்ந்து உடம்பை நோக்கி வரட்டும்.

டேப் விஷயம்: கிரிக்கெட் சட்டம் 28இன்படி கீப்பரைத் தவிர யாரும் கையுறை போடக் கூடாது. விரலுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அம்பயர் சம்மதம் வேண்டும், டாஸுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், வீங்கிய விரலின் நுனி தானாக நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிராமல் தொங்கினால் தசைநாண் அறுந்திருக்கலாம். டேப் சுற்றிச் சமாளிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

தாமான்_ஆல்ரவுண்டர்:
டென்னிஸ் ராக்கெட்டால் டென்னிஸ் பந்தை உயர அடித்துப் பழகச் சொல்லுங்கள், கைக்கு வலிக்காது.

பிரிக்பீல்ட்ஸ்_கவர்:
பயந்து கண்ணை மூடுகிறவருக்கு அது நல்ல மருந்து. இவருக்கு வேண்டாம், பழைய கணிப்புதான் இன்னும் ஊறும். லெதர் பந்தாலேயே பழகட்டும். ஒருவர் மட்டையால் தூக்கி அடிக்க, முதல் சில பந்துகளைப் பிடிக்கவே வேண்டாம். விழும் இடத்துக்குப் போய் நின்று, பந்தைப் பக்கத்தில் விழ விட்டால் போதும். கால் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு கையைக் கொண்டு வாருங்கள். அப்புறம், பந்து ஏறும்போதே 'எனக்கு' என்று கத்துங்கள். பக்கத்தில் மிட்விக்கெட்டில் நிற்பவர் நீங்கள் ஓடிவருவதைப் பார்க்க மாட்டார், அவர் கண்ணும் வானத்தில்தான் இருக்கும்.

இதில் சோர்ந்துவிடாதீர்கள். 2023இல் பாயுமாஸ் ஓவல் திடலில் நம் மலேசியப் பந்துவீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தாரே, ஏழும் போல்டு, பந்து நேராக ஸ்டம்பில் பட்டது, கேட்சே தேவைப்படவில்லை. அப்படி எல்லா நாளும் நடக்காது. சுழற்பந்துக்காரர் பந்தைத் தூக்கிப் போடுவதே லாங் ஆனில் நிற்பவரை நம்பித்தான்.

செந்தூல்_லாங்ஆன்:
ரொம்ப நன்றி. விரல் நிமிர்கிறது, வீக்கமும் வடிந்துவிட்டது. நின்று பார்த்து ஓடியதில், தலைக்கு மேல் போகிற பந்துக்கு இப்போது போய்ச் சேர்ந்துவிடுகிறேன். விரலை மேலே வைத்துப் பிடிப்பது இன்னும் பழகவில்லை. இன்னொன்று, மதியத்துக்கு மேல் வானம் முழுக்க வெள்ளை மேகம். வெள்ளைப் பந்து அதற்குள் காணாமல் போகிறது.

பினாங்கு_கீப்பர்:
வெயில் என்றால் ஒரு கையால் மறைக்கலாம், மேகத்துக்கு அது உதவாது. மட்டையை விட்டுக் கிளம்பும்போதே பந்தைக் கண்ணால் பிடித்துவிடுங்கள், நடுவில் கால் பக்கம் பார்வையை இறக்காதீர்கள். தொலைந்துவிட்டால் உடனே 'தெரியவில்லை' என்று கத்துங்கள், பக்கத்தில் இருப்பவர் ஓடிவருவார். மழை பெய்து திடல் ஈரமாக இருந்தால், ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும்.