திங்கட்கிழமை மட்டும் திறக்க மறுக்கும் 4 இன்ச் பால் வால்வு

மெயின்டனன்ஸ் தம்பி:
வணக்கம். எங்கள் ஆலையில் 10 பார் தண்ணீர் ஹெடரில் (முதன்மைக் குழாயில்) 4 இன்ச் ஃபுல் போர் பால் வால்வு ஒன்று இருக்கிறது, குழாய் அளவுக்குத் துளையுள்ள பந்து திரும்பித் திறந்து மூடுவது. ஃப்ளோட்டிங் வகை, டெஃப்லான் சீட் (பந்து உட்காரும் வளையம்), திறக்கவும் மூடவும் காற்றாலேயே வால்வைத் திருப்பும் டபுள் ஆக்டிங் ஆக்சுவேட்டர். சனிக்கிழமை மாலை மூடிவிட்டுத் திங்கள் காலை திறக்கப் போனால் அசைவதே இல்லை. காற்றைத் திறந்துவிடும் சொலினாய்டு (மின் வால்வு) அடிக்கிறது, காற்றும் போகிறது, ஆக்சுவேட்டர் முக்கிக்கொண்டு நிற்கிறது. எப்படியோ ஒருமுறை திறந்துவிட்டால் அன்று முழுக்க ஓரளவு ஓடுகிறது. போன மாதம் வரை இந்தத் தொல்லை இல்லை. பெரிய ஆக்சுவேட்டர் வாங்கலாம் என்கிறார் மேனேஜர். அதுதான் வழியா?

பழைய ஃபிட்டர்:
பொறு தம்பி, உடனே வாங்காதே. ஃப்ளோட்டிங் வகையில் பந்தைத் தாங்க ட்ரனியன் (பந்தை இடத்தில் பிடிக்கும் அச்சு) கிடையாது, மூடியிருக்கும்போது லைன் பிரஷர் முழுவதும் பந்தை வெளிப்பக்க சீட்டின் மேல் அழுத்தும். 100 மி.மீ. துளைக்கு 10 பார் என்றால் ஏறக்குறைய 800 கிலோ பாரம், அதைச் சுமந்துகொண்டு உரசித்தான் பந்து திரும்ப வேண்டும். அப்படியே இரண்டு நாள் கிடந்தால் டெஃப்லான் மெல்ல நசுங்கிப் பந்தோடு படிந்துவிடும், இடையில் இருந்த ஈரமும் பிதுங்கிப் போய்விடும். அதனால்தான் முதல் அசைவுக்கு டார்க் (திருப்பு விசை) அதிகம் கேட்கிறது. ஆனால் சீட்டின் மேல் இந்த அழுத்தம் போன மாதத்துக்கு முன்பும் இருந்ததுதானே? கிளாண்டில், அதாவது பந்தைத் திருப்பும் தண்டான ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவை அடைக்கும் இடத்தில், யாராவது கை வைத்தார்களா?

மெயின்டனன்ஸ் தம்பி:
ஆமாம் அண்ணா. ஸ்டெம்மில் லேசாகச் சொட்டியது, கிளாண்டில் பேக்கிங் (கசிவை அடைக்கும் திணிப்பு) மாற்றி நட்டை நன்றாக இறுக்கினோம்.

பழைய ஃபிட்டர்:
சரி, அங்கே பாதி விடை இருக்கிறது. பைபாஸ் (வால்வைச் சுற்றிப் போகும் கிளைக் குழாய்) இருந்தால் அதைத் திறந்து இரு பக்கமும் பிரஷரைச் சமமாக்கி, அப்புறம் வால்வை இயக்கிப் பார். லேசாகத் திரும்பினால் பாரம் பிரஷரில் இருக்கிறது. அப்போதும் கடினமாக இருந்தால் கிளாண்ட், அல்லது சீட்டில் மணல், உப்புப் படிவு. ஒன்று மட்டும் கேள், ஸ்டெம்மில் பைப் மாட்டி நெம்பாதே, முறுக்கி உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றை அடைத்து, ஆக்சுவேட்டரில் இருப்பதையும் வெளியேற்றாமல் கையை உள்ளே விடவே விடாதே, சிக்கிய வால்வு திடீரென்று துள்ளும்.

இன்ஸ்ட்ருமென்ட் ஆள்:
காற்றையும் பாருங்கள். கம்ப்ரஸர் அறை கேஜ் உதவாது, ஆக்சுவேட்டர் வாயிலேயே கேஜ் போட்டு, திறக்க முயலும் அந்த நொடியில் பார்க்க வேண்டும். 5.5 பாருக்குத் தேர்ந்தெடுத்த ஆக்சுவேட்டருக்கு 4 பார்தான் வருகிறது என்றால் டார்க்கில் கால் பங்குக்கு மேல் போய்விடும். திங்கள் காலையில் எல்லா மெஷினும் ஒன்றாகக் காற்றை இழுக்கும் நேரம் வேறு.

மெயின்டனன்ஸ் தம்பி:
பார்த்துவிட்டேன். பிரஷரைச் சமமாக்கிய பிறகும் கடினமாகத்தான் இருந்தது. லைனில் பிரஷரை இறக்கிவிட்டு, கிளாண்ட் நட்டைத் தளர்த்தி, கசியாத அளவுக்கு மட்டும் சிறிது சிறிதாக இறுக்கினேன், உடனே லேசாகிவிட்டது. காற்றும் இன்று காலை திறக்கும் நேரத்தில் 4.2 பார்தான் காட்டியது, மெலிந்த டியூபில் இன்னொரு சிலிண்டரும் தொங்குகிறது. அதற்குத் தனி லைன் இழுக்கிறோம். பழைய ஆக்சுவேட்டரே இன்று முதல் தடவையில் திறந்தது, நன்றி அண்ணா.

பழைய ஃபிட்டர்:
நல்லது தம்பி. ஞாயிறு ஆள் இருந்தால், தண்ணீர் போனாலும் பாதகமில்லாத லைன் என்றால், ஒருமுறை திறந்து மூடச் சொல்.