எல்லோ லேப் தொட்டியில் புது மீன் சேர்ப்பது எப்படி?

கேள்வி: 4 அடி, 250 லிட்டர் தொட்டி. எல்லோ லேப் (ஆப்பிரிக்க மலாவி ஏரியோட மஞ்சள் சிக்லிட் மீன்) 6 இருக்கு, ஒரு வருஷமாச்சு. தண்ணி பிஎச் 8. அதே ஏரியோட ஆரட்டஸ் மீன் 2 விடலாமா? வேற எது ஒத்துப்போகும்?

பதில் 1: ஆரட்டஸ் வேண்டவே வேண்டாம். அதுல வளர்ந்த ஆண் மீன், லேப்களைத் துரத்தியே கொன்னுடும். ரஸ்டி சிக்லிட் 5 அல்லது 6 எடுங்க. சாதுவானது, நிறமும் வேற. மஞ்சள் நிற மீன் எதுவும் சேர்க்காதீங்க, சண்டையும் வரும், கலப்புக் குஞ்சும் வரும். ஒண்ணு ரெண்டா விடாம மொத்தமா விடுங்க, அப்பதான் அடி ஒரே மீன்மேல விழாது.

பதில் 2: அதுக்கு முன்னாடி புது மீனுக்கு நோய் இருக்கான்னு பார்க்க 4 வாரம் தனித்தொட்டி. அவசரப்பட்டா பழைய மீனும் போயிடும். வெள்ளையா நூல் மாதிரி கழிவு, சாப்பிடாம ஒதுங்குறது, வயிறு வீக்கம் தெரிஞ்சா மெட்ரோனிடசோல் மருந்து கொடுக்கணும். தீனியா ரத்தப்புழு போடாதீங்க, ஸ்பைருலினா (பாசித் தீனி) போதும்.

பதில் 1: விடுற அன்னைக்குக் கற்களை எல்லாம் கலைச்சு மாத்தி அடுக்குங்க. பழைய மீனுக்கு 'இது என் இடம்'ங்கிறது போயிடும். பழசுக்கு முதல்ல தீனி, அப்புறம் லைட்டை அணைச்சுட்டு விடுங்க. ஒரு வாரம் தண்ணில அம்மோனியா அளவு பாருங்க, 0-வுக்கு மேல போனா கால் பங்கு தண்ணி மாத்தணும். ஆர்ஓ தண்ணி ஆகாது. கடினமான போர் தண்ணிதான் இதுங்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்: ஆரட்டஸ் வேண்டாம், ரஸ்டி 6 கடையில சொல்லிட்டேன். தனித்தொட்டிக்கு 60 லிட்டர் போதுமா?

பதில் 2: 4 செ.மீ. குட்டிகளுக்குப் போதும். ஓடிட்டிருக்கிற ஃபில்டர்ல இருந்து ஒரு ஸ்பான்ஜ் எடுத்துப் போடுங்க, கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா அதுல இருக்கும்.