புதுப்பிப்பு: ஓநாய் சாயலில் நாய், இரண்டு குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பது

ஓநாய் சாயலில் நாய் வேண்டும், ஹஸ்கி எடுக்கலாமா அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) எடுக்கலாமா, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வளர்க்கலாமா என்று எட்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஹஸ்கியை விட்டுவிட்டேன். சைபீரியக் குளிருக்கான நாயைத் தக்கலைப் புழுக்கத்தில் வாட்ட மனசு வரவில்லை. சாம்பலும் கறுப்பும் கலந்த அல்சேஷன்தான் எடுத்தோம். இதற்கும் ஹஸ்கி மாதிரி இரட்டை ரோமம்தான், அதாவது உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு அடுக்கு. உச்சிவெயிலில் வெளியே விடுவதில்லை.

"ஒன்று போதும்" என்று பலர் சொல்லியும் இரண்டாக வாங்கினேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஒன்றை வாசலுக்குக் கூட்டிப்போனால் மற்றது கதவைப் பிராண்டி ஊளையிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டும் என்னைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்க்கும்.

மார்த்தாண்டம் அக்கா ஒருவர் சொன்ன வழிதான் கைகொடுத்தது: தனிக் கூடு, தனித் தட்டு, ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனி நடை. முதல் வாரம் ஒரே அழுகை. நாலாவது வாரம் தனித்தனியாகப் பேர் கேட்டுத் திரும்பின.

எதிர்பாராதது, நிமிர்ந்திருந்த காது ஐந்தாம் மாதம் தொங்கிவிட்டது. பல் முளைக்கும்போது அப்படி ஆவதுண்டு, பயப்படாதீர்கள் என்றார் மருத்துவர். அப்புறம் தானாகவே நிமிர்ந்தது.